கடைமடைக் குளத்தின் மீன்காலம்

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் ஓய்ந்துவிடும். ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். தாமிரபரணியின் கடைமடை ஊரான உடன்குடிக்குக் கடல் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஒரு பக்கம் குலசேகரன்பட்டினம், இன்னொரு பக்கம் மணப்பாடு. நாட்டுப்படகும் வள்ளமும் தடைக்காலத்திலும் போய்வரும் என்றாலும், பெரும் வரத்து நின்றுபோனதால் சீலாவும் பாறையும் சாதாரண வீட்டுக்கு எட்டாத விலைக்கு ஏறிவிடும். கடல்மீன் தின்று வளர்ந்த ஊருக்கு அது கஷ்டமான இரண்டு மாதம்.

அந்த நாட்களில்தான் சந்தையில் குளத்து மீன் தலைகாட்டும். தலை பெருத்த கட்லா, சிவப்போடிய ரோகு, கறுத்த ஜிலேபிக் கெண்டை. பக்கத்தில் ஓர் அலுமினியச் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருப்பார்கள். சாக்கைத் தூக்கினால் கை தடிமனில் விரால் புரளும். விராலை உயிரோடு வாங்குவதே வழக்கம்.

கடல் ஓயும்போது குளம் மீன் தருவது தற்செயலான பொருத்தம். கடலில் மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அரசு போட்ட கணக்கு ஒன்று. ஐப்பசியில் வந்த தண்ணீர் சித்திரை வெயிலில் வற்றி முடிகிறதே, அந்த இயற்கைக் கணக்கு மற்றொன்று. தாமிரபரணிப் பாசனத்தின் கடைமடையான உடன்குடி வட்டாரத்தில் மீன்காலம் முழுக்க இந்த இரண்டாவது கணக்கின் மேல்தான் நிற்கிறது. தண்ணீர் எந்த மாதம் வந்தது, எத்தனை மாதம் நின்றது, கடைசியில் எவ்வளவு மிஞ்சியது. இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் குளத்தில் என்ன மீன் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும், அடுத்த ஆண்டு கிடைக்குமா என்பதைச் சொல்லிவிடலாம்.

தண்ணீர் வரும் வழி

பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலைத் தொடும் தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அந்தத் தூரத்துக்குள் எட்டு அணைக்கட்டுகள், 86,107 ஏக்கர் பாசனம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால் ஏழாவது மருதூர், எட்டாவது ஸ்ரீவைகுண்டம். ஆங்கிலேயர் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டப்பட்ட ஸ்ரீவைகுண்டம் அணையைத் தவிர மற்றவை பழங்காலத்து அணைகள். மருதூர் அணையிலிருந்து பிரியும் மேலக்காலில் கிளைப்பதுதான் சடையனேரி கால்வாய். சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துக் குளங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் அது.

வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும். நெல்லைச் சீமையில் ஆண்டுக்கு இரண்டு நெல் பருவம். ஆனியில் தொடங்கும் கார், ஐப்பசியில் தொடங்கும் பிசானம். தென்மேற்குப் பருவமழையில் பாபநாசம் அணை நிறைந்து காருக்குத் திறந்துவிடும் தண்ணீர் பெரும்பாலும் மேல்மடைகளிலேயே தீர்ந்துபோகும். கடைமடைக் குளத்துக்கு உயிர்த்தண்ணீர் வடகிழக்குப் பருவமழையோடுதான். அதனால் இங்குள்ளவர்கள் காலையில் நாளிதழைப் பிரித்ததும் தேடிப் படிக்கிற செய்திகளில் ஒன்று அணை நீர்மட்டம். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. உடன்குடிக் குளத்தில் அந்த ஆண்டு மீன் உண்டா இல்லையா என்பதற்கு முதல் அடையாளம், எங்கோ தொலைவில் மலையடிவாரத்தில் ஏறுகிற அந்த எண்கள்தான்.

இந்த வட்டாரத்தில் நீர்நிலைகளை மூன்றாகப் பிரிக்கலாம். சடையனேரி கால்வாயை நம்பிய குளங்கள் ஒரு வகை. வானத்தை மட்டும் நம்பிய மானாவாரிக் குளங்கள் இன்னொரு வகை. மூன்றாவது, வேறு எங்கும் எளிதில் பார்க்க முடியாத தருவை. தேரிக்காட்டின் செம்மணல் மேடுகளுக்கு இடையே, வடிந்தோட வழியில்லாத பரந்த தாழ்வான நிலத்துக்குத் தருவை என்று பெயர். வைரவம் தருவையும் புத்தன் தருவையும் பழைய திருநெல்வேலி ஜில்லாவின் ஆவணங்களிலேயே இடம்பெற்றவை. நல்ல மழை ஆண்டில் அவை ஏரியாக விரியும். மழை பொய்த்தால் ஆடு மேயும் வெறும் தரையாகக் கிடக்கும். ஆழம் குறைவு, பரப்பு அதிகம் என்பதால் தருவையில் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் வற்றும். ஆனால் நிற்கிற வரையில் மீனுக்கு இரை அங்கே ஏராளம்.

இரை ஏராளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த தரையில் புல் முளைத்திருக்கும், ஆடுமாடு சாணம் போட்டிருக்கும், வெடிப்புகளில் சருகு சேர்ந்திருக்கும். புதுத்தண்ணீர் ஏறியதும் அத்தனையும் அழுகி உரமாகும். அதில் நுண்பாசியும், அதைத் தின்னும் நுண்ணுயிர்ப் பூச்சிகளும் சில நாட்களில் பெருகிவிடும். குஞ்சுமீனுக்கு முதல் உணவு அதுதான். காய்வதும் நிறைவதும் மாறிமாறி நடப்பதே நீர்நிலையின் வளத்துக்கு ஆதாரம் என்பதை வோல்ஃப்காங் யுங்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1989-இல் வெள்ளத்துடிப்புக் கோட்பாடு என்ற பெயரில் விளக்கினார்கள். கம்போடியாவின் டோன்லே சாப் ஏரி அதற்குப் பெரிய சான்று. கோடையில் 2,500 சதுர கிலோமீட்டர் அளவில் சுருங்கும் அந்த ஏரி, மழைக்காலத்தில் மேகாங் ஆற்று நீர் எதிர்த்திசையில் பாய்ந்து ஏறும்போது ஐந்தாறு மடங்கு விரிகிறது. காட்டையே மூழ்கடிக்கும் அந்த வெள்ளம்தான் அந்நாட்டு மக்களின் தட்டில் மீனாகிறது. அளவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருந்தாலும், காய்ந்த தருவையில் ஐப்பசித் தண்ணீர் ஏறும்போது நடப்பது அதே வேலைதான்.

மறுகால் பாயும் இரவு

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து, குளம் நிறைந்து, மறுகால் பாயத் தொடங்கினால் ஊருக்கே அது செய்தி. இளைஞர்கள் டார்ச் விளக்கோடு கரைக்குப் போவார்கள். மறுகாலுக்குக் கீழே நுரைத்து ஓடும் செந்நிறத் தண்ணீரில் கெண்டையும் கெளுத்தியும் உளுவையும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். ஆழமில்லாத இடத்தில் முதுகு வெளியே தெரியப் புரண்டு புரண்டு ஏறுவதை அருகில் நின்று பார்க்கலாம். கல்லில் மோதிச் சரியும், மறுபடி ஏறும். புதுவெள்ளத்தின் மணமும் குளிர்ச்சியும், தண்ணீர் உயரும் வேகமும் சேர்ந்து மீனின் உடலில் இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தூண்டிவிடுகின்றன. வயிறு நிறைய முட்டையோடு, இரை தேடும் எண்ணமே இல்லாமல், ஆழம் குறைந்த புல்தரை தேடித்தான் அவை ஏறுகின்றன.

கையால் அள்ளலாம் என்கிற அளவுக்கு மீன் எளிதாகக் கிடைக்கும் இரவு இது. ஆண்டு முழுவதற்கும் ஆபத்தான இரவும் இதுவே. பக்கத்துக் கேரளத்தில் பருவமழைத் தொடக்கத்தில் இப்படி ஏறும் மீனைப் பிடிப்பதற்கு ஊத்த பிடித்தல் என்று பெயர். முட்டை சுமந்த மீனை வழிமறித்துப் பிடிப்பதை அந்த மாநிலத்தின் 2010-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம் குற்றமாக்கியது. இங்கே வலை விரிப்பவர் ஒரு கூடை மீனைத்தான் பார்க்கிறார். அந்தக் கூடைக்குள் இருக்கும் முட்டைகள் எத்தனை ஆயிரம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

விராலின் வழி வேறு. அது கூட்டத்தோடு ஓடாது. ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி, கரையோரப் புல்லுக்கு நடுவே செடிகளை ஒதுக்கி வட்டமாக ஓர் இடம் செய்து அங்கே முட்டையிடும். முட்டை மிதக்கும். குஞ்சு பொரிந்ததும் செக்கச்செவேலென்று ஒரு கொத்து தண்ணீரின் மேல்மட்டத்தில் கொதிப்பதுபோலத் தெரியும். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மூச்சுக்காக மேலே வந்து வந்து போவதால் உண்டாகும் கொதிப்பு அது. அதற்குக் கீழே தாயும் தந்தையும் காவல் இருக்கும். தவளை வந்தாலும் பாம்பு வந்தாலும் பாய்ந்து விரட்டும். தூண்டில்காரர்களுக்கு இது தெரியும். செங்கொத்துக்கு நடுவே இரையை விழச்செய்தால் பெற்றமீன் பசியால் இல்லாவிட்டாலும் கோபத்தால் கவ்வும். தூண்டிலில் மாட்டியது ஒரு மீன். காவல் போனதால் அன்று மாலைக்குள் கெளுத்திக்கும் நீர்க்கோழிக்கும் இரையாகப்போவது அந்தக் கொத்து முழுவதும்.

குஞ்சு விடும் கணக்கு

குளத்து மீன் எல்லாம் தானாக வந்தவை என்று நினைக்க முடியாத காலம் இது. சந்தைக்கு வரும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடநாட்டுப் பேராறுகளைத் தாயகமாகக் கொண்டவை. தேங்கிய நீரில் வளரும், ஆனால் இனம் பெருக்காது. ஓடும் வெள்ளம் இருந்தால்தான் முட்டையிடும். முன்பெல்லாம் ஆற்றில் குஞ்சுகளை அரித்தெடுத்து ரயிலில் கொண்டுவர வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி, கே.எச். அலிக்குஞ்ஞி ஆகியோர் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியாகச் செலுத்திக் கெண்டை மீனைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். இன்று நாடெங்கும் மீன்குஞ்சுப் பண்ணைகள் இயங்குவது அந்தக் கண்டுபிடிப்பால்தான். ஆண்டுதோறும் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுவதும் அந்த நாளின் நினைவாகவே.

குளத்தில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கு மீன்பாசி குத்தகை என்று பெயர். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டுக்கு ஏலம் விடுவது வழக்கம். குத்தகைக்கு எடுத்தவருக்குக் காலண்டர் பன்னிரண்டு மாதம் காட்டினாலும், கடைமடைக் குளம் கொடுப்பது ஐந்து அல்லது ஆறு மாதம்தான். கார்த்திகை, மார்கழியில் குஞ்சு விட்டால் சித்திரைக்குள் பிடித்தாக வேண்டும். நல்ல இரையுள்ள நீரில் கட்லா ஓராண்டில் ஒரு கிலோவைத் தொடும். அரை ஆண்டில் அதில் பாதிதான். ஆகவே கண்ணுக்குத் தெரியாத பொடிக்குஞ்சு விட்டால் நட்டம். விரல் நீளத்துக்கு வளர்ந்த குஞ்சு விட்டால்தான் பிழைப்பு. பொடிக்குஞ்சை விராலும் கெளுத்தியும் தின்று தீர்த்துவிடும் என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

இவற்றுக்கு இடையில் யாரும் குஞ்சு விடாமலே பெருகிக் கிடப்பது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவின் திலேப்பியா மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். வெள்ளத்துக்குக் காத்திருக்காமல் ஆண்டு முழுக்கப் பலமுறை இனம் பெருக்கும். ஏழைக்கு மலிவான புரதம் என்ற நல்ல பெயர் அதற்கு உண்டு. ஆனால் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டு நாட்டுக் கெண்டைகளை ஒதுக்கிவிட்டது என்ற குற்றச்சாட்டும் நியாயமானதே. ஆப்பிரிக்கக் கெளுத்தி அதைவிட மோசம். எதையும் தின்னும், சேற்றிலும் பிழைக்கும். 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்த மீன் அது. பண்ணைக் குட்டையில் கள்ளத்தனமாக வளர்ப்பவர் ஒருவர் இருந்தால் போதும், ஒரு வெள்ளத்தில் ஆற்றுக்கும் குளத்துக்கும் போய்விடும்.

வெள்ளம் என்றால் எப்படிப்பட்ட வெள்ளம் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் காட்டின. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டு மழை ஒரு நாளில் பெய்தால் எந்தக் கரை தாங்கும்? மாவட்டம் முழுக்கக் குளங்கள் உடைந்தன, ஊர்கள் தீவாயின. கரை உடைந்த குளத்தில் விட்ட குஞ்சு அந்தக் குளத்தில் இல்லை. தண்ணீர் போன வழியெல்லாம் மீன் போனது. குத்தகைக்காரர் முதலை இழந்தார். அதற்கப்பால், எந்த மீன் எந்தக் குளத்தில் என்ற எல்லையே அந்த இரண்டு நாட்களில் அழிந்துபோனது.

நிறம் பார்த்துப் படிப்பது

பழகிய கண்ணுக்குக் குளத்துத் தண்ணீரின் நிறமே நாட்காட்டி.

ஐப்பசியில் செம்மண் கலங்கல். அப்போது மீன் கண்ணால் இரை தேட முடியாது. மீசையால் தடவி, மணத்தால் தேடும் கெளுத்தியும் தேளியும்தான் மண்புழுவுக்கு மாட்டும். மார்கழி, தையில் கலங்கல் அடங்கித் தண்ணீர் தெளியும். பனி இறங்கும் காலை வேளைகளில் நீர் குளிர்ந்திருக்கும். மீன் குளிர்ரத்தப் பிராணி என்பதால் நீர் குளிர்ந்தால் அதன் செரிமானமும் மெதுவாகும், பசியும் குறையும். அந்த மாதங்களில் விடியற்காலையில் தூண்டில் போட்டுக் காத்திருப்பதில் பயன் குறைவு. வெயில் ஏறி மேல்நீர் சூடான பிறகே கெண்டை அசையும்.

மாசி, பங்குனியில் நிறம் பச்சைக்கு மாறும். வெயிலும் உரமும் சேர்ந்து பாசி பெருகியதன் அடையாளம். இதுவே மீன் நன்றாகத் தின்று வேகமாக எடை கூடும் காலம். பிசான அறுவடைக்காக மடை அடைபடுவதும், வாய்க்காலில் வரத்து நிற்பதும், குளம் சுருங்கத் தொடங்குவதும் இப்போதுதான். பரந்து கிடந்த மீன் நெருங்கி வரும். வலைக்குக் கண்டபடி மீன் விழும் பருவம் மாசிக்கடைசி தொடங்கிச் சித்திரை வரை. கரையோரம் வீச்சுவலை, நடுக்குளத்தில் செவுள்வலை, ஆழம் குறைந்தபின் இருகரையும் பிடித்து இழுக்கும் இழுவலை என்று வலையும் மாறும்.

எந்தக் குளம் பிடிக்கும் பதத்துக்கு வந்துவிட்டது என்பதைப் பறவைகள் முன்கூட்டியே சொல்லும். நாரைக்கு முழங்கால் அளவுக்கு மேல் ஆழம் கூடாது. செங்கால் நாரையும் கூழைக்கடாவும் ஒரு குளத்தில் கூட்டமாக இறங்கினால் அங்கே தண்ணீர் சுருங்கி மீன் செறிந்துவிட்டது என்று அர்த்தம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தில் கூடு கட்டும் பறவைகளும் இரைக்குச் சுற்றுவட்டாரக் குளங்களையே நம்பியிருக்கின்றன. குஞ்சுக்கு இரை கொண்டுபோகும் தாய்ப்பறவையும், குளத்தில் வலை வீசும் மனிதரும் ஒரே மாதத்தில் ஒரே தண்ணீரைத் தேடுகிறார்கள்.

சித்திரை பிறந்து தண்ணீர் தேநீர் நிறத்துக்குக் கறுத்தால் ஆபத்து நெருங்கிவிட்டது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். பகலில் ஆக்சிஜனைத் தரும் அதே பாசி, இரவில் தானும் சுவாசித்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். எனவே கோடையில் மீனுக்கு மூச்சு முட்டும் நேரம் விடியலுக்குச் சற்று முன். மேகமூட்டமாகப் புழுங்கிய நாளுக்கு மறுநாள் காலையில் குளத்துக்குப் போனால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நிற்பதைக் காணலாம். கட்லாவும் ரோகுவும் முதலில் சாகும், ஜிலேபி அதற்கு அடுத்து. விராலுக்கும் தேளிக்கும் காற்றையே சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கும். மொத்தமாக மீன் செத்து மிதந்ததும் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரில் சண்டை மூளுவதுண்டு. பல நேரங்களில் காரணம் இந்த மூச்சுத்திணறல்தான்.

குளத்து மீனில் மண்வாடை என்று சொல்லிக் கடல்மீன் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். கோடையில் சில வகை நீலப்பச்சைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளின் வாடை அது. புதுமழை பெய்ததும் எழும் மண்வாசனைக்கும் அதுவே காரணம். புளிப்பில் ஜியோஸ்மின் சிதைந்துவிடும். உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவி, புளியைக் கெட்டியாகக் கரைத்து வைக்கும் நெல்லைச் சீமையின் குளத்துமீன் குழம்பில் அந்த வாடை அடங்கிப்போவது அதனால்தான்.

வற்றிய பிறகு

சித்திரை, வைகாசி உடன்குடிக்குக் கருப்பட்டிக் காலம். பனை உச்சியில் பதநீர் சுரந்து, விளைகளில் அடுப்பு எரியும். குளத்திலோ அந்நேரம் நடுவில் கசம் என்னும் ஆழ்பள்ளம் மட்டும் மிஞ்சியிருக்கும். சுற்றிலும் பாளம் பாளமாக வெடித்த தரை.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இந்தக் கட்டத்தை ஊர்த் திருவிழாவாகவே வைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து கண்மாய் வற்றியதும் நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். பெரியவர்கள் கரையில் நின்று சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் ஆயிரக்கணக்கானோர் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஒரே நேரத்தில் இறங்குவார்கள். சாதி, மதம் பார்க்காமல் கிடைத்ததைக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பார்கள். அந்த மீனை விற்பதில்லை என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. அங்கே குறித்த நாள் வரை காத்திருக்கும் ஒழுங்கு உண்டு. அதுவரை கண்மாயைக் காப்பதும் ஊரின் வேலை.

குத்தகை முறையில் அந்த ஒழுங்கு தளர்ந்துவிட்டது. போட்ட முதலை எடுக்க வேண்டிய குத்தகைக்காரர், இருக்கும் தண்ணீரை வெளியேற்றினால் மீனைச் சுலபமாக அள்ளலாம் என்று நினைப்பார். கடைசிப் போகத்துக்கு ஒரு நனைப்புத் தண்ணீராவது கிடைக்குமா என்று ஆயக்கட்டு விவசாயி பார்ப்பார். ஆடுமாடு வைத்திருப்பவருக்குக் கோடை முழுக்கக் குடிநீர் வேண்டும். இந்த மூன்று பேருடைய தேவையும் மோதுகிற இடம் அந்தக் கசம்தான். மோட்டார் வைத்துக் கசத்தை இறைத்துவிட்டால் அன்றோடு எல்லோருடைய கணக்கும் முடிந்தது.

உடன்குடியில் கசத்தைக் காக்க இன்னொரு காரணமும் உண்டு. இங்கே நிலத்தடி நீருக்குள் கடல்நீர் ஊடுருவிக் கிணறுகள் உப்பாகிவருவது ஊரறிந்த துயரம். குளத்தில் தண்ணீர் நின்று நிலத்துக்குள் இறங்கினால்தான் அந்த அழுத்தம் கடலைத் தள்ளிவைக்கும். மீனுக்காக விட்டுவைக்கும் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் குடத்துக்கும் சேர்ந்தே உதவுகிறது.

விஷம் வைப்பது இன்னொரு கொடுமை. முன்பு திருகுகள்ளிப் பாலையும் காக்கைக்கொல்லி விதையையும் கலக்கினார்கள். இப்போது பூச்சிமருந்தைக் கலக்குகிறார்கள். பெரிய மீனோடு குஞ்சும், முட்டையும், நத்தையும், அதைத் தின்ன வரும் பறவையும் சாகின்றன. நீர்நிலையில் விஷம் கலந்தோ வெடி வைத்தோ மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே தண்டனைக்குரிய குற்றம். சட்டம் பிறந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகியும் வழக்கம் அடியோடு ஒழியவில்லை.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகும் காற்று தேரி மணலை வாரி இறைக்கும். மிஞ்சிய ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும். குளத்தில் மீன் இருந்த தடமே தெரியாது. ஆனால் சேற்றுக்கு அடியில் விரால் இருக்கிறது. ஈரம் காக்கும் கரம்பை மண்ணுக்குள் உடலைப் புதைத்து, வழவழப்பான சுரப்பால் தோலை மூடி, கிடைத்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும். கரம்பை அள்ள வருபவர்களின் மண்வெட்டியில் சில நேரம் அது உயிரோடு வெளிப்படுவதுண்டு. ஈரம் முற்றிலும் அற்றுப்போனால் விராலும் பிழைக்காது.

தண்ணீர் வரத்தைக் கூட்டும் வேலை ஒன்று நடந்திருக்கிறது. தாமிரபரணியின் வெள்ள நீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து எடுத்து, கருமேனியாறு, நம்பியாறு வழியாக வறண்ட பகுதிகளுக்குக் கொண்டுசெல்லும் வெள்ளநீர்க் கால்வாய்த் திட்டம் 2009-இல் தொடங்கி, 2025 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. அது முடியும் இடம் எம்.எல். தேரி. சாத்தான்குளம் வழியாக ஓடி மணப்பாட்டில் கடலில் கலக்கும் கருமேனியாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கவே ஏங்கிய சனங்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் வரும் தண்ணீர் நிற்க வேண்டுமானால் குளம் குளமாக இருக்க வேண்டும். சீமைக்கருவேலம் அகற்றப்பட வேண்டும், மடை பழுது பார்க்கப்பட வேண்டும், தூர்வாரும்போது குளத்தின் நடுவில் ஆழமான கசம் ஒன்றாவது விடப்பட வேண்டும்.

அந்தக் கசத்தைக் காப்பது யாருக்கும் செலவு வைக்கும் காரியமில்லை. மீன்பாசி ஏலம் விடும்போதே, இத்தனை அடிக்குக் கீழே தண்ணீரை இறைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனையை எழுதிச் சேர்க்கலாம். மறுகாலில் மீன் ஏறும் முதல் வாரம் வலை கட்டக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுக்கலாம். கிராமசபைக் கூட்டம் ஆண்டுக்குச் சில முறை நடக்கத்தான் செய்கிறது. தூண்டில் போடும் தம்பிமார்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: புல்லோரத்தில் செங்கொத்தாகக் குஞ்சுகள் கொதிப்பதைக் கண்டால் அந்த இடத்தை விட்டு நாலடி தள்ளிப் போய் உட்காருங்கள். ஒரு மாதம் பொறுத்தால் குஞ்சுகள் பிரிந்து தனித்தனியே போய்விடும். அதற்குப் பிறகு பிடிக்க மாசியும் பங்குனியும் இருக்கின்றன.